டிரையரின் கதவை யார் திறப்பது?

மகனே, இதை வாசிக்கத் தொடங்குமுன் எழும்பிப் போய், உன் வீட்டு டிரையருக்குள் துணி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வா. கிடந்தால் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடு. குவித்து வைக்காதே. மெஷின் நின்று எவ்வளவு நேரமானாலும் சரி, ‘இவ்வளவுக்கும் ஆறியிருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு கதிரையிலேயே இராதே. கடிதம் எங்கும் ஓடிப்போகாது. நான் காத்திருக்கிறேன்.

வந்துவிட்டாயா? சரி, இப்போது இரு. உனக்குத் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் ‘ஓம் அம்மா, ஓம் அம்மா’ என்கிறாய். அந்த ஓம் எனக்கு நல்லாகத் தெரியும். பல்லுத் தீட்டியாச்சா என்று நான் கேட்ட காலத்திலும் இதே ஓம்தான், வாயில் பிரஷ் பட்டிருக்காது. நேரில் சொன்னால் நீ அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாய், அவர் முகட்டைப் பார்க்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி உன் கையில் மட்டும் தராமல், எங்கள் ஆட்கள் எல்லோரும் வாசிக்கட்டும் என்று வெளியிலும் விடுகிறேன். நயினாதீவு, காரைநகர், கரம்பொன் என்று கோயில் பூசை செய்யும் வீடுகளில் எல்லாம் இப்போது இந்தப் பெட்டி வந்து இறங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மார் யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போன் எடுத்துச் சொல்ல, லொறியில் வந்து இறங்குகிறது. எல்லா வீட்டிலும் உன்னைப் போலத்தான் பாவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒரே வளர்ப்பு. ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

கந்தசட்டி தொடங்குகிறது. இறுப்பிட்டியில் உன் பொறுப்பில் இரண்டு கோயில். அபிஷேகம், எண்ணெய்க்காப்பு, பால், தயிர், நெய் என்று உன் வேட்டியில் படாதது ஒன்றும் இராது. ஐப்பசி மழையும் விடப்போவதில்லை. ஆறு நாளும் அந்த மெஷின் ஓடும். நீ கோயிலுக்குள் நிற்பாய், என் மருமகள் தர்சினியும் உன் மகளும் அந்த வீட்டுக்குள் இருப்பார்கள். எனக்கு இப்போதே சோறு இறங்கவில்லை. இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

நான் மெஷினுக்கு எதிரி என்று நினைக்காதே. மாரியில் உன் அப்பாவின் வேட்டிகளைக் காயவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நயினாதீவில் நாலு பக்கமும் கடல். கொடியில் போட்டால் உப்புக் காற்று, வெயிலில் மொடமொடத்துக் கிடந்த வேட்டி மழை இருட்டியதும் திரும்பப் பிசுபிசுக்கும். உள்ளே போட்டால் பூஞ்சணம். காகம் எச்சம் போட்டால் மறுபடியும் கிணற்றடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆவியாதல் படிப்பிக்கும்போதும் யன்னலால் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தர்சினியின் அண்ணா உங்களுக்கு அந்த டிரையரை வாங்கித் தந்தபோது, ‘என் காலத்தில் வந்திருக்கக் கூடாதா’ என்று எனக்குப் பொறாமையே வந்தது. முதல் நாள் நீ சூடான வீட்டு வேட்டி ஒன்றை எடுத்து என் கையில் தந்ததும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தோசமாக இருந்தது.

வினை மெஷினில் இல்லை. அதை எங்கள் முறைக்குள் கொண்டுவந்து வைத்த விதத்தில் இருக்கிறது. உனக்கு ஏழு எட்டு வயதிருக்கும். மாம்பழம் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து, பூசைக்கென்று தோய்த்துக் காயவிட்ட அப்பாவின் வேட்டியில் முகத்தைத் துடைத்துவிட்டாய். அன்றைக்கு வேறு வேட்டி இல்லை. அப்பா உன்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. அதைத் திரும்பத் தோய்த்து, பிழிந்து, ஈரத்தோடு உடுத்துக்கொண்டு வாடைக் காற்றுக்குள் கோயிலுக்குப் போனார். பிறகு காய்ச்சலில் கிடந்தார். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ அழுத அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு நீ அந்தக் கொடிப் பக்கமே போகவில்லை. முழுகாமல் தொடக்கூடாது, பூசைக்குப் போகிறவன் தன் கையால்தான் எடுக்க வேண்டும் என்பது உனக்கு யாரும் ஓதித் தந்த பாடம் அல்ல, நீ அழுது பழகியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முறை கொடிக்கு ஏற்பட்ட முறை, மகனே. கொடியில் யாரும் தொடாமல் விட்டால் வேட்டி பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். மூடிய பெட்டிக்குள் சூட்டோடு யாரும் தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று அந்த முறையை உண்டாக்கியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் பெட்டி இருக்கவில்லை.

நீ அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தைப் பார். சாமியறைக்கும் நீங்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன அறை. யன்னல் இல்லை. ஏன் அங்கே என்று கேட்டேன். ‘அங்கைதான் ஒருத்தரும் குறுக்கை போகாயினம்’ என்றாய். மெஷினுக்குப் பின்னாலிருந்து சூட்டுக் காற்று வெளியே போகிற தடித்த குழாயைச் சுவரில் துளைபோட்டு வெளியே விட்டிருந்தாய், அதுவரைக்கும் சரி. பிறகு சோளகக் காற்றுத் தொடங்கியதும் அந்தக் குழாயால் மணல் வந்து துணியில் படுகிறது என்று, ஒரு பழைய சாக்கைச் சுருட்டி வெளிவாயில் அடைத்தாய். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஒருவனை ஓடச் சொன்னால் ஓடுவானா? சுவரில் கை வைத்துப் பார்த்தேன், வியர்த்துப்போய் இருந்தது. தும்பு பிடிக்கிற வலையை இழுத்தேன். வாங்கிய நாள் தொடக்கம் ஒருவரும் அதைத் தொடவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது, ஒரு சின்னத் தலையணைக்குக் காணுமளவு தும்பு. நான் அதை உரித்தெடுக்க, நீ பின்னால் நின்று கத்துகிறாய்: “அம்மா, நீங்கள் முழுகிட்டீங்களோ?” எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது, அந்த இடத்திலேயே உன்னோடு சண்டை பிடித்திருக்க வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்பாய். உனக்குத் தெரியாது. நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நவராத்திரி முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். பேத்தியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. லோஞ்ச் படகு ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, ஓட்டோ பிடித்து வந்தேன். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. படலையைத் திறக்கும்போதே கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தர்சினி, உடுத்த உடுப்போடு, அவதிப்பட்டு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். காலையில் முழுகியவள் மத்தியானத்துக்கு முன் திரும்ப ஏன் முழுகுகிறாள்?

“என்ன பிள்ளை, இந்தக் குளிருக்கை முழுகிறீர்?”

“மெஷினைத் திறக்கவேணும் மாமி. துணி தீய்ஞ்ச மாதிரி ஒரு மணம் வருது. சின்னவள் என்ரை மேலிலை சலம் போயிட்டாள், உடுப்பெல்லாம் மூத்திரம். அதோடை எப்பிடித் தொடுறது? இவருக்கு ரெண்டு தரம் போன் அடிச்சனான், எடுக்கேல்லை.”

“பிள்ளை எங்கை?”

“உள்ளை, தொட்டிலிலை. நித்திரை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அவசரமாகச் சொன்னாள்: “மெஷின் ஓடேல்லை மாமி. கறண்ட் போனதோடை நிண்டு போட்டுது. அப்பவே நிண்டிட்டுது.”

நான் ஓடினேன். முழங்கால் நோவு என்று மாடிப்படி ஏறாத நான், பையை எங்கே போட்டேன் என்றே தெரியாது, ஓடினேன். வாசலைத் தாண்டியதும் மணம் முகத்தில் அடித்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துபோனால் வருமே, அந்த மணம். சின்னவளைத் தொட்டிலில் இருந்து அள்ளித் தோளில் போட்டேன். அவள் நித்திரை கலைந்து வீரிட்டாள், அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. போகிற வழியில் மெஷின் கதவின் கண்ணாடியில் புறங்கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், அப்படிச் சூடு. கறண்ட் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றாள் தர்சினி. ஓடாமல் நின்ற மெஷின், ஓடும்போது இருந்ததைவிடச் சூடாக இருந்தது. அந்தப் பயத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, அந்தப் பெட்டிக்குள் ஏதோ தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

கறண்ட் திரும்பி வந்துவிடக் கூடாதென்று மெயின் சுவிச்சை இறக்கினேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே காற்றுப் போனால் பற்றிவிடும் என்று தெரியும். அறைக்கதவைச் சாத்தி, தர்சினியையும் இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து முருங்கைக்குக் கீழே நின்றோம். தூறல் எங்கள் மூன்று பேரிலும் விழுந்தது. ஈரத்தில் நின்ற அவளுக்குப் பல்லுக் கிடுகிடுத்தது. பட்டணத்திலிருந்து நெருப்பணைக்கும் வண்டி கடலுக்கு நடுவே போகிற தாம்போதி தாண்டி வருவதற்குள் வீடு இருக்குமா என்பது உனக்கே தெரியும். பக்கத்து வளவுக்காரர் இரண்டு வாளி தண்ணீரோடு வந்து நின்றார். பின்பக்கத்தில் நீ சாக்கு அடைத்த குழாய்வாயில் இருந்து மெல்லிசாகப் புகை வந்தது, பிறகு நின்றது, பிறகும் வந்தது. தர்சினி என்னிடம் கேட்டாள்: “மாமி, நான் முழுகிட்டன்தானே, இனி நான் திறக்கலாமோ?” கேட்டுக்கொண்டே உள்ளே போகப் பார்த்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்த பிடியில் என் விரல் அடையாளம் பிறகும் இருந்தது.

புகை முற்றாக நின்று, கண்ணாடி கை வைக்கக் கூடிய அளவுக்கு ஆறிய பிறகுதான், பக்கத்தில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு நானே திறந்தேன். மேலே கிடந்த வேட்டிகள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஒன்றை இழுக்க உள்ளே மஞ்சள், அடுத்ததில் மண்ணிறம். நடுவில் ஒரு துவாய், பந்தாகச் சுருண்டு, கரியாக. அதை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தேன். காற்றுப் பட்டதும் அதன் ஓரம் சிவந்து கனன்றது. வாளிக்குள் போட்டேன். சீறிக்கொண்டு அடங்கியது. பக்கத்து வளவுக்காரர் “முருகா” என்றார். நான் திறந்த கதவால் தொட்டிலைப் பார்த்தேன். அந்த மெஷினுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அந்தத் துவாய் என்ன என்று உனக்குத் தெரியும். நவராத்திரிக்குக் கோயில் விளக்குகளை நீ துடைத்த துவாய். அதை ஏன் வேட்டியோடு போட்டாய் என்று கேட்கத் தேவையில்லை. இரண்டும் கோயில் துணி, அதனால் இரண்டும் ஒன்றாக. சின்னவளின் உடுப்பும் தர்சினியின் உடுப்பும் வீட்டுத் துணி, அவை வேறு. நீ துணியை ஆசாரம் பார்த்துப் பிரித்தாய், எண்ணெய் பார்த்துப் பிரிக்கவில்லை. தோய்த்துவிட்டுத்தானே போட்டேன் என்றாய். நல்லெண்ணெய் ஒரு தோய்ப்பில் போகாது, ராசா. காய்ந்த பிறகும் துணியை முகர்ந்து பார், மணம் இருந்தால் எண்ணெயும் இருக்கிறது. தீவுப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்கிறேன், கேள். எண்ணெய் காற்றோடு சேரும்போது தானாகச் சூடாகும். விரித்த துணியென்றால் அந்தச் சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும். ஏற்கெனவே சூடான துணியைப் பந்தாகப் பெட்டிக்குள் விட்டால் சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் கெதியாகச் சூடாகும். கடைசியில் பற்றுவதற்கு நெருப்புக்குச்சி தேவையில்லை. மெஷின் தன் ஓட்டத்தின் கடைசியில் சூடில்லாமல் சுற்றித் துணியை ஆறவைக்கும். அன்றைக்குக் கறண்ட் போனதால் அந்த ஆறவைப்பு நடக்கவில்லை. தீவில் கறண்ட் போகாத மாரி எது?

நீ அன்றைக்குப் பூசை முடிந்து வந்தாய். முற்றத்தில் கரிந்த துணி, வாளித் தண்ணீர், நனைந்துபோய் நின்ற உன் மனைவி, அவளுடைய இடுப்பில் உன் மகள். எல்லாவற்றையும் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் வாயால் வந்த முதல் கேள்வி எது என்று ஞாபகம் இருக்கிறதா? “ஆர் திறந்தது?” என்றாய். அடுத்த கணமே உனக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்து, ஓடிப்போய்ச் சின்னவளை வாங்கி, அவளுடைய கை காலெல்லாம் தடவிப் பார்த்தாய், அதையும் பார்த்தேன். நீ பாசமில்லாதவன் இல்லை. உன்னைப்போல் மகளில் உயிரை வைத்திருக்கிற தகப்பன் குறைவு. ஆனால் முதலில் வந்த கேள்வி அதுதான். எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, துக்கம். தர்சினி “மாமிதான் திறந்தவ, நான் தொடேல்லை” என்று பதறிப் பதறிச் சொன்னாளே, அது அதைவிடத் துக்கம்.

பிறகு நீ என்ன செய்தாய்? மெஷினை மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்தாயாம். கறண்டில் ஓடுகிற சாமானுக்கு மஞ்சள் தண்ணீர்! முருகன் உன்னை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறான் என்று பார். தெளித்து, துடைத்து, பிளக்கைக் குத்தி, “இப்ப நல்லா வேலை செய்யுது அம்மா” என்று போனில் சொல்கிறாய். நல்லாகத்தான் வேலை செய்யும். அன்றைக்கும் அது நல்லாகத்தான் வேலை செய்தது, பழுது ஒன்றும் அதில் இல்லை.

ஆகவே கந்தசட்டிக்கு முன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்தச் சாக்கை இழுத்து எறி. மணலும் பல்லியும் வராமல், காற்று வெளியே தள்ளினால் தானே திறந்து தானே மூடுகிற மூடி ஒன்று கடையில் விற்கிறது, அதைப் பூட்டு. குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் தும்பைக் கம்பியில் துணி சுற்றித் துடை. வலையை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உரி, அதற்கு முழுகத் தேவையில்லை. பின்பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பார். உப்புக் காற்றுக்கு அதன் பித்தளைக் கால்கள் பச்சை பிடித்திருக்கும், பிடித்திருந்தால் மாற்று. எக்ஸ்ரென்ஷன் வயரில் போடாதே. விளக்குத் துடைத்த துணி, நெய் பட்ட துணி, எண்ணெய்க்காப்பு அன்று உடுத்த வேட்டி, இவை அந்த மெஷினுக்குள் போகவே கூடாது. சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தோய்த்து, தாழ்வாரத்தில் விரித்துக் காயவிடு. காயாவிட்டால் இன்னொரு வேட்டி வாங்கு, கஞ்சத்தனம் பார்க்காதே. வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் இல்லாமல் அதை ஓடவிடாதே. கறண்ட் போய் நடுவில் நின்றால், அந்த நிமிசமே கதவைத் திறந்து துணியை வெளியே விரிக்க வேண்டும். ஒழுங்காக ஓடி முடிந்தாலும் அப்படித்தான். ஆனால் தீய்ந்த மணம் வந்துவிட்டதென்றால் திறக்கவே கூடாது. பிள்ளையைத் தூக்கு, மெயினை இறக்கு, வெளியே ஓடு. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் நான் எழுதியதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இதில் ஒன்றுதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீ கோயிலில் நிற்கும்போது அந்த நிமிசமே திறக்கப்போவது யார்? தர்சினிதான், வேறு யார். முழுகியும் முழுகாமலும், பிள்ளை சலம் போயும் போகாமலும், தூரமாக இருக்கிற நாளிலும் அவள்தான். இதை நானாக முடிவுசெய்து உனக்குச் சொல்ல விரும்பவில்லை. அதனால் அப்பாவிடம் போய்க் கேட்டேன். தர்சினி முழுகாமல் எடுத்த வேட்டி பூசைக்கு ஆகுமா என்று. அவர் வழமைபோல முகட்டைப் பார்த்தார். “ஆகாது” என்றார். நான் எழும்பப் போக, “ஆகாட்டி என்ன, திரும்பத் தோய்க்கலாம்” என்றார். அவ்வளவுதான் உன் அப்பா சொன்னது. ஆசாரத்தைத் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனிசன். ஒரு வேட்டியைத் திரும்பத் தோய்க்கிற வேலை, அதற்குமேல் அங்கே ஒன்றும் நட்டமில்லை.

இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். நேற்று வரை நான் எழுத நினைக்கவில்லை. நீ பயந்துவிட்டாய், இனிக் கவனமாக இருப்பாய் என்றுதான் நினைத்தேன். நேற்று உனக்குச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். நீ கோயிலில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள் அறையில் சின்னவள் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். இப்போது தொடங்கிய அழுகை இல்லை, குரல் கம்மி, விக்கல் எடுத்து, மூக்கால் வழிந்து போயிருந்தது. தர்சினி மெஷினுக்கு முன்னால் நிற்கிறாள், ஈரத் தலையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு. பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், கிட்டப் போகவில்லை.

“ஏன் பிள்ளை, அவளைத் தூக்கேல்லையோ?”

“ஏலாது மாமி. தூக்கினா மேலிலை சலம் போயிடுவள். பேந்து மெஷினைத் தொட ஏலாது.” பிறகு, என் வயிற்றில் பால் வார்க்கிற எண்ணத்தோடு சொன்னாள்: “நீங்கள் இனிப் பயப்பிடாதேங்கோ. மெஷின் போடுற நாளிலை நான் விடிய முழுகிட்டு, இவர் வந்து துணி எடுக்குமட்டும் பிள்ளையைத் தொடுறேல்லை. மணம் வந்தா உடனை ஓடிப்போய்த் திறந்திடுவன்.”

கெட்டிக்காரப் பிள்ளை சரியான விடையைச் சொல்லிவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்குமே, அப்படி என்னைப் பார்த்தாள். சின்னவளைத் தூக்கினேன், என் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே விக்கி விக்கி நித்திரையாகிவிட்டாள். மகனே, விளங்குகிறதா உனக்கு? நெருப்பு வந்தால் அவள் மெஷினிடம் ஓடப் பழகியிருக்கிறாள், பிள்ளையிடம் ஓட அல்ல. யாரும் சொல்லாமலே தானாகப் பழகியிருக்கிறாள், உனக்காக. நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். “ஓம் மாமி” என்றாள். நீ எனக்குச் சொல்கிற அதே ஓம். நான் சொல்லி அவளுடைய கை நீளாது. நீ சொன்னால்தான் நீளும்.

நாளை விடிய நீ முழுகி, துணியை மெஷினில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுவாய். புறப்படமுன் தொட்டிலடிக்குப் போ. சின்னவளைத் தூக்கித் தர்சினியின் கையில் கொடு. உன் மேலில் சலம் போனால் போகட்டும், திரும்ப முழுகலாம். கொடுத்துவிட்டு, “பிள்ளையை இறக்காதேயும், மெஷின் நிண்டதும் நீரே திறவும், மணம் வந்தா திறக்காமல் பிள்ளையோடை வெளியிலை ஓடும்” என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ.

அம்மா